நடு நாற்காலி

அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்காருவதுதான் எட்டு வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம். சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதில்லை என்று ஏற்பட்டுவிட்டால், அவர்களுக்கு நடுவே போட ஒரு குழந்தை அவசியமாகிவிடுகிறது. அத்தை என்பது அப்பாவின் தங்கை. "உன்ற அம்மாகிட்ட வெத்தலை வேணுமான்னு கேளு சாமி" என்பாள். அம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பாள். அவள் காதில் அது விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் நான் திரும்பி அதைச் சொல்லும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொன்ன பிறகு சற்று யோசித்து, "எங்கிட்ட இருக்குதுன்னு சொல்லிப்போடு" என்பாள். அத்தையும் அதைக் கேட்காதவளாக என் வாயையே பார்த்துக் காத்திருப்பாள். கலியாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும், இருவரும் ஒரே இடத்தில் இருக்க நேர்ந்தால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள்.

நாளாக ஆக நான் அந்த வேலையில் தேறிவிட்டேன். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதில் என்ன சுவாரசியம் என்று கொஞ்சம் கைச்சரக்கும் சேர்க்க ஆரம்பித்தேன். அத்தை வெற்றிலை என்றால் நான் கொழுந்து வெற்றிலை என்பேன். அம்மா வேண்டாம் என்றால் நான் இப்போதைக்கு வேண்டாமாம் என்பேன். இரண்டு பேரும் என்னைத் திருத்தியதில்லை. திருத்துவதென்றால் முன்பே காதில் விழுந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா.

ஏன் பேசிக்கொள்வதில்லை என்பது மட்டும் எனக்குச் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தவரை அது மாம்பழத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

அதற்கு முந்தைய கோடையில் பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டுக்கு மாரியாத்தா வந்திருந்தாள். அம்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆத்தா விளையாடுகிறாள் என்பார்கள். முதலில் என்னிடம் விளையாடினாள், பிறகு அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த என் தம்பியிடம். வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் உள்ளே வரக்கூடாது, அடுப்பில் தாளிக்கக்கூடாது, யாரும் உரக்கப் பேசக்கூடாது. உடம்பெல்லாம் எரிந்ததும், அம்மா வேப்பங்கொழுந்தால் வருடிவிட்டதும் நினைவிருக்கிறது. எனக்கு முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நான் எழுந்து வீட்டைச் சுற்றி வந்தபோது விட்டத்தில் கட்டியிருந்த தூளியைக் காணோம். தம்பியையும் காணோம். ஆத்தா அவனைத் தன்னோடு விளையாட எடுத்துக்கொண்டாள் என்றார்கள். அடுத்த வளவில் ஒரு கிழவர் இறந்ததற்கே பறையும் சங்கும் ஒப்பாரியுமாக ஊர் அமளிதுமளிப்பட்டது; தம்பிக்கு ஒரு சத்தமும் இல்லை, யாரும் அழவில்லை. ஆகவே அவன் செத்துப்போகவில்லை, எங்கேயோ விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். தூளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனதில்தான் எனக்கு வருத்தம். அவன் தூங்காத நேரங்களில் அதில் ஆடுவது நான்.

மாம்பழக் காலம் முடிவதற்குள் சேலத்திலிருந்து அத்தை வந்தாள். கையில் ஒரு கூடை மாம்பழம், தலை நிறையப் பூ, முகம் கொள்ளாத சிரிப்பு. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய் முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள். அத்தை அன்று சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள். அன்றிலிருந்துதான் எனக்கு உத்தியோகம். ஒருவேளை மாம்பழம் புளித்ததோ என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். ஆனால் தின்றவள் நான்தான், அது தேனாக இனித்தது.

அடுத்த வருஷம் அத்தை முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. கலியாணமாகி வெகு நாள் காத்திருந்து தரித்த தலைப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய், பெண்ணுக்கு விருந்து வைத்து, தங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அத்தைக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்றால் எங்கள் வீடுதான், எங்கள் வீடு என்றால் அம்மாதான். புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் அப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். வா என்று கூப்பிட வேண்டியவள் அம்மா. அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படி வருவேன் என்று அத்தை அங்கே உட்கார்ந்துவிட்டாள். சேலத்தில் அவள் வீட்டில் பெரிய பெண்பிள்ளை என்று யாரும் கிடையாது. மாதம் ஏறிக்கொண்டே போயிற்று. அப்பா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போனால் பொழுது சாயும் வரை வீட்டுப் பக்கமே வருவதில்லை. இது எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் இதைப் பற்றி எல்லாரும் என் முன்னால்தான் பேசினார்கள். தூதருக்கு எதுவும் புரியாது என்று பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை.

இந்தச் சிக்கலை அவிழ்க்கக் கச்சேரி ஒன்றே வழி என்று கண்டுபிடித்தவர் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர். மாமா ஒரு மோட்டார் கம்பெனியில் பங்குதாரர். அது உலகச் சண்டைக் காலம், பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அவருடைய பஸ்கள் முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு புகைந்து புகைந்து ஓடின. அந்தப் புகையிலேயே இருந்ததாலோ என்னவோ, மாமாவுக்குத் திடீரென்று சங்கீதத்தில் மோகம் பிறந்தது. ஒரு கிராமபோன் வாங்கினார். டவுனில் இருந்த ஒரு சபாவில் சேர்ந்தார். வயிற்றில் இருக்கும் குழந்தை நல்ல பாட்டுக் கேட்டால் அறிவாளியாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அத்தையைக் கச்சேரிக் கச்சேரியாக அழைத்துப் போனார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வித்வான் ஒருவர் வருகிறார் என்றதும், எங்களையும் கூட்டிப்போக வேலூருக்கு அவரே வந்து நின்றார். வீட்டு மாப்பிள்ளை நேரில் வந்து அழைத்தால் மாட்டேன் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. பெண்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் மனசு இளகிவிடும் என்று அவர் அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னதை நான் கேட்டேன். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் வேறு யோசனையும் இல்லாததால் தலையை ஆட்டிவைத்தார்.

எனக்கோ கச்சேரி என்றால் என்ன என்றே தெரியாது. கூத்துப் பார்த்திருக்கிறேன், கோயிலில் நாயனம் கேட்டிருக்கிறேன். கச்சேரியில் ராஜா வருவாரா என்று பஸ்ஸில் மாமாவைக் கேட்டேன். வரமாட்டார் என்றார். கோமாளி? அவனும் வரமாட்டான். அப்படியானால் என்னதான் நடக்கும் என்றேன். ஒருத்தர் உட்கார்ந்து பாடுவார் என்றார். பாடிவிட்டு? மறுபடியும் பாடுவார். இதற்காகவா நாமக்கல்லும் ராசிபுரமும் தாண்டி, மேட்டில் பஸ் திணறும்போதெல்லாம் இறங்கி நடந்து போகிறோம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அவ்வளவு பெரியவர்கள் போகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தான் வேண்டும், அதை நமக்கு முன்கூட்டிச் சொல்ல மறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அஸ்தம்பட்டியில் மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு ஜட்கா பிடித்து டவுனுக்குப் போனோம். விளக்குகளைக் குறைக்க வேண்டிய காலமாதலால் கச்சேரியை வெயில் இருக்கும்போதே தொடங்கிவிட்டார்கள். மண்டபத்தின் நடுவே ஒரு கயிறு கட்டி, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள் என்று பிரித்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் நாற்காலிகள். அம்மா அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தவள் இல்லை. யாராவது வந்து எழுந்திரு என்று சொல்லிவிடுவார்களோ என்பதுபோல நுனியில் உட்கார்ந்தாள். அத்தை தன் வயிற்றைப் பத்திரமாக ஏற்பாடு செய்துகொண்டு உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி விட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே நான் போய் அதில் ஏறிக்கொண்டேன். கால் தரையைத் தொடவில்லை. சுற்றிலும் டவுன் பெண்கள் பட்டும் வைர மூக்குத்தியுமாக விசிறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்து, ஆத்தா விட்டுப்போயிருந்த தழும்புகளைப் பார்த்து, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

மேடையில் கடுக்கன் மின்ன ஒரு பருத்த மனிதர் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பிடில், மத்தளம் மாதிரி ஒன்று, பின்னால் உயரமான தம்புரா. இதெல்லாம் சரி. கடைசியாக ஒருவர் ஒரு மண்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். அதைத் தனக்கு முன்னால் ஒரு வளையத்தில் வைத்து, துண்டால் துடைத்து, ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு பரபரத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குனிந்து, "அந்தப் பானை எதுக்குன்னு உன்ற அத்தையக் கேளு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளில் அம்மா பதில்தான் சொல்லியிருக்கிறாளே தவிர, தானாக ஒரு கேள்வியை அனுப்பியதே இல்லை. நான் முக்கியத்துவத்தோடு அத்தை பக்கம் திரும்பி அதைச் சமர்ப்பித்தேன். அத்தை பல கச்சேரி பார்த்தவள். ஆனால் பானையை அவளும் அதுவரை பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டவுனில் குடியிருப்பவள் தெரியாது என்று சொல்ல முடியுமா. பாடுகிறவர் நடுநடுவே குடிப்பதற்குத் தண்ணீர் என்று சொல்லியனுப்பினாள். நான் அதில் கொஞ்சம் ஏலக்காயும் தட்டிப்போட்டு அம்மாவிடம் சேர்த்தேன்.

பாட்டுத் தொடங்கியது. சற்று நேரத்தில் அந்த மனிதர் பானையை எடுத்து மடியில் கவிழ்த்தாற்போல வைத்து, அதன் வாயைத் தன் வயிற்றில் அமுக்கிக்கொண்டு, பத்து விரலாலும் வெளுத்து வாங்க ஆரம்பித்தார். அம்மா பானை உடையப் போகிறது என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். உடையவில்லை. கொஞ்சம் பொறுத்து, என் காதில், "குடிக்கற தண்ணியப் போயி இந்த அடி அடிக்கறாங்களான்னு கேளு" என்றாள். அம்மா முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். இரண்டு பக்கமும் நாற்காலி ஆடியதை நான் உணர்ந்தேன். மாமாவின் யோசனை பலித்துவிடும்போல இருக்கிறதே என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மாமா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் கை இறங்கிய பிறகுதான் மாமாவின் கை இறங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ரசித்தாரா தூங்கினாரா என்று சொல்ல முடியாது.

நான் நினைத்ததற்கு மாறாகக் கச்சேரி நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அடுத்தது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பாடுகிறவர் கையை வீசி எதையோ பிடிப்பதும், பிடித்ததைப் பிடில்காரரிடம் எறிவதும், அவர் அதைத் திருப்பி அனுப்புவதும் நான் செய்கிற வேலை மாதிரியே இருந்ததால் எனக்கு அவர்கள்மேல் ஒரு பாசம் உண்டாகிவிட்டது. பிடில்காரரும் கைச்சரக்குச் சேர்க்கிறவர்தான்.

அதன்பிறகு பானையும் மத்தளமும் அடங்கிவிட்டன. பாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு தனியாக ஆரம்பித்தார். நான் வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வார்த்தை வரவில்லை. குரல் அடியில் கிடந்து, மெல்ல எழுந்து, ஓரிடத்துக்கு வந்ததும் அதைத் தாண்டாமல் திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது, அதே இடத்தில் நின்றது. வீட்டில் எதையோ தொலைத்தவர் பார்த்த அறையிலேயே மறுபடியும் போய்ப் பார்ப்பதுபோல அது அங்கேயே சுற்றியது. இவர் என்ன சொல்லுகிறார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவின் தோள் என் தோளில் பட்டு அதிர்ந்தது. பானையை நினைத்து மறுபடியும் சிரிக்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மா அழுதுகொண்டிருந்தாள். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு அழத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அது போதவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. எங்கள் ஊர்ப் பெண்கள் ராசா என்றும் தங்கமே என்றும் பேர் சொல்லித்தான் அழுவார்கள். அம்மா எதுவும் சொல்லவில்லை. மேடையில் இருந்தவரைப் போலவே வார்த்தை இல்லாமல் அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. வைர மூக்குத்திகள் எல்லாம் ஒரே சமயத்தில் எங்கள் பக்கம் திரும்பின.

நான் அத்தையைப் பார்த்தேன். இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை எனக்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குள் நுழைகிற பெண் முதலில் யாரோடும் பேசமாட்டாள். நேரே போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். அழுது ஆறிய பிறகுதான் எப்போது, எப்படி என்கிற பேச்சே வரும். அத்தை அப்படித்தான் செய்தாள். நாற்காலியை விட்டு எழுந்து, அந்த வயிற்றோடு என் மேலாகச் சாய்ந்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் தலைக்கு மேலே இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டு இரண்டு குரலும் ஒன்றாக எழுந்தன. நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன். என் இடது கன்னம் அத்தையின் வயிற்றில் அழுந்தியிருந்தது. அப்போது உள்ளேயிருந்து யாரோ என் கன்னத்தில் ஓர் உதை விட்டார்கள். சத்தியமாக உதைதான். இதை உடனே யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் கேட்பார் இல்லை.

வயிற்றுப்பிள்ளைக்காரி எழுந்து நின்று கதறினால் டவுன் பெண்கள் என்ன நினைப்பார்கள்? வலி எடுத்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், மண்டபத்தின் அந்தப் பகுதி முழுவதும் எழுந்துவிட்டது. ஒருவர் விசிறினார், ஒருவர் சோடா என்றார், சட்டையில் பூச்சின்னம் குத்தியிருந்த சபாக்காரர் ஒருவர் ஜட்கா ஜட்கா என்று ஓடினார். மாமா கயிற்றைத் தாண்டி விழுந்தடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பெண்களையும் ராணிகளை அழைத்துப்போவதுபோல வழிவிட்டு வெளியே கொண்டுபோனார்கள். கண்ணைத் திறக்காமல் பாடிக்கொண்டிருந்த வித்வானுக்கு இதொன்றும் தெரிந்திருக்காது. தம் பாட்டுக்கு அன்று சேலத்தில் கிடைத்த மரியாதை அவருக்குக் கடைசி வரை தெரியவே போவதில்லை என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வலி இல்லை, ஒன்றும் இல்லை என்று அத்தை சொல்லி, கூட்டம் கலைய வெகு நேரமாயிற்று. மாமா மட்டும் நம்பாமல் ஜட்காக்காரனைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு நின்றார். அப்பா தூரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அத்தையும் மண்டபத்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி நான் நடுவில் போய் உட்கார்ந்து, முதல் செய்திக்காகக் காத்திருந்தேன்.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, என் தலைக்கு மேலாக, "நான் அப்பவே வந்தனுங்க நங்கை" என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பது. "வாசல் வரைக்கும் வந்தனுங்க. வேப்பலையப் பாத்துப்போட்டு அக்கட்டயே நின்னு திரும்பிட்டனுங்க. அப்பறம் வாரப்போ, அந்த ஊட்டுல போயி அழுகக்கூடாது, சிரிச்ச மொகத்தோட போகோணும்னு அக்கம்பக்கத்துல சொல்லித்தான் அனுப்பிச்சாங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நானும் அழுகலை அம்மிணி" என்றாள். "ஒண்ணுக்கு அழுதா ஆத்தா இன்னொண்ணையும் கேப்பான்னாங்க. இவ உள்ள கெடந்தா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அன்று ஒரு தவறும் செய்திருக்கவில்லை. எதற்கு இப்படிப் பார்க்கிறார்கள் என்று விழித்தேன். செய்தி எதையும் என்னிடம் கொடுக்காமலே பேசுகிறார்களே, ஒருவேளை மறந்துவிட்டார்களோ என்று, அம்மா சொன்னதை அத்தையிடம் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு கண்ணு" என்றாள் அம்மா. உள்ளே பானையின் சத்தம் மறுபடியும் கேட்டது. சிறிது நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஏதோ கடைக்குப் போய்வருவதைப் பற்றிச் சொல்வதுபோல அம்மா சொன்னாள், "வளர்பிறையில கட்டுச்சோறு கொண்டாறோம். நம்மூட்டுக்கு வா அம்மிணி." அத்தை மறுபடியும் அழுதாள், இந்தத் தடவை சத்தமில்லாமல்.

இருட்டுவதற்குள் ஜட்காவில் ஏறினோம். ஆண்கள் முன் வண்டியில் போனார்கள், நாங்கள் மூவரும் பின் வண்டியில். ஏறுவதற்கு முன் நான் மாமாவிடம் ஓடிப்போய், அம்மா அழுதாளே, அது என்ன பாட்டு என்று கேட்டேன். அது பாட்டே இல்லை, வெறும் ராகம், அதில் சொல்லே கிடையாது என்றார் மாமா. சபாவில் சேர்ந்த பிறகு அவர் சரியாகச் சொன்ன விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கு அது விளங்கவில்லை. சொல் இருந்தால் அல்லவா, அதில் யாராவது செத்தார்கள், காட்டுக்குப் போனார்கள் என்று தெரிந்து அழலாம்? ஒன்றும் சொல்லாத ஒரு குரலைக் கேட்டு இரண்டு பெரிய மனுஷிகள் எதற்காக அப்படி அழ வேண்டும்? பெயர் சொல்லி அழ முடியாத ஒரு குழந்தை எங்கள் வீட்டில் இருந்ததும், அந்த அழுகை தீராமல் அவர்களுக்குள் பேச்சுத் தொடங்க முடியாமல் போனதும், ஒரு வருஷமாக அம்மா அதை எனக்காக விழுங்கிக்கொண்டு நடமாடியதும் நானே பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கு எட்டின.

அன்று எனக்கு இருந்த விசாரமெல்லாம் என் உத்தியோகத்தைப் பற்றித்தான். வண்டியில் வழக்கப்படி நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் அத்தையும் எந்தக் கத்தரிக்காய் எடுப்பது, புளிச்சோற்றுக்கு எந்த எண்ணெய் என்று என் தலைக்கு மேலேயே பேசித் தீர்த்தார்கள். ஒரு வார்த்தைகூட என் வழியாகப் போகவில்லை. எனக்கு ரோஷமாக இருந்தது, தூக்கமும் வந்தது. அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அத்தையோடு பேசிக்கொண்டே, அவள் விரல்கள் என் வலது கன்னத்தில் ஒவ்வொரு தழும்பாகத் தேடித் தேடித் தொட்டுக்கொண்டு போயின. உதை வாங்கிய இடத்தைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன். கடைசியில் ஒருத்தருக்காவது அது தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெரிய திருப்தி. இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன். அம்மா அந்தப் பக்கத்தையும் தடவினாள்.